அசல் அளவில் ஒரு விரிசல்

அக்டோபர் 28, திங்கள்

ரத்த அழுத்தம் நூற்று எழுபது. டாக்டர் பொன்ராணி மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, "கோவம் வந்தா யாரையும் திட்டாதிய டீச்சர். ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க" என்றாள். ஏழாம் வகுப்பில் என்னிடம் டிராயிங் படித்தவள். ஆப்பிளைக் கோலிக்குண்டு மாதிரி வட்டமாகப் போட்டவள். அவள் பேச்சைக் கேட்டு இந்த நோட்டை வாங்கினேன். முதல் பக்கத்துக்கே விஷயம் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு பிரம்மு வந்தாள். பிரம்மசக்தி என்று முழுப்பெயர். மேட்டுத்தெருவில் பதினாறாம் எண் வீட்டில் முப்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறாள். தையல்காரி. அந்த வட்டாரத்தில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு அவளுக்கு மனப்பாடம், என்னுடையது உட்பட. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் மிஷினை விட்டு எழுந்து வந்திருக்கிறாள் என்றதுமே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

கையில் நகராட்சி நோட்டீஸ். பதினாறாம் எண் கட்டடத்தின் முன்சுவரில் அபாயகரமான விரிசல் இருப்பதாகத் தெரியவருவதால், மழைக்காலத்தை முன்னிட்டு முப்பது நாளைக்குள் காலி செய்ய வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் நவம்பர் 18 விசாரணையில் சொல்லலாமாம். கூடவே ஒரு ஜெராக்ஸ் பக்கத்தைக் குத்தியிருந்தார்கள். செப்டம்பரில் ஒரு வாரப் பத்திரிகையில் என் பேட்டியோடு வந்த ஓவியம். 'சங்குப்பூ ஜன்னல்'. கறுப்பு வெள்ளையில் பூவெல்லாம் கரிக்கட்டை மாதிரி கிடந்தது. பக்கத்தில் அந்த விரிசல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டுக்காரர் மகன் நவநீதன் கொடுத்த மனுவோடு அதை இணைத்திருக்கிறான். பெரியவர் இருந்தவரை அவளைக் காலி செய் என்று ஒரு நாள் சொன்னதில்லை. இவன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு மனையை விற்கப் பார்க்கிறான். அதற்கு என் படம்தானா கிடைத்தது? அப்படிக் கோபம் வந்தது. படுபாவி. பத்தொன்பது நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்த படம்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றாள் பிரம்மு. "ஒங்க பேச்ச ஆபீசுல உள்ளவிய தட்ட மாட்டாவ."

என்ன வார்த்தை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

நவநீதனுக்குப் போன் செய்தேன். திட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். திட்டினேன்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "மேடம், உங்க படத்தைப் பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. அந்தம்மா மே மாசம் மகள் கல்யாணம்னு சொல்லி முன்சுவர் பூரா பூசி வெள்ளையடிச்சுட்டாங்க. விரிசலை மறைக்கத்தான் அப்படிப் பண்ணியிருக்காங்க. நாளைக்குச் சுவர் விழுந்தா யார் பொறுப்பு? நீங்களே பேட்டியில சொல்லியிருக்கீங்களே."

பேட்டியில் சொன்னது உண்மைதான். அந்தப் பத்திரிகைப் பெண் எதிரே உட்கார்ந்து கண்ணை விரித்துக் கேட்கும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான் இல்லாததை வரைய மாட்டேன். சங்குப்பூ பதினேழு என்றால் என் படத்திலும் பதினேழுதான். சுவரில் கீறல் இருந்தால் அதுவும் இருக்கும்" என்றேன். அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பூ பதினேழுதான். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சங்குப்பூ பத்து மணிக்கு மேல் சுருங்கத் தொடங்கும். அதனால் ஒரு காலைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வரைகிற வேலை என்னிடம் கிடையாது. ஜன்னலும் சுவரும் அசல் அளவு. ஜன்னல் மூன்றடி என்றால் கேன்வாஸிலும் மூன்றடி. காரை பெயர்ந்த இடம், விரிசல் எல்லாவற்றையும் ட்ரேசிங் பேப்பரைச் சுவரிலேயே ஒட்டி, பென்சிலால் எடுத்துத்தான் கேன்வாஸுக்கு மாற்றுவேன். நாற்பத்தொரு பழைய வீடுகளை இப்படி வரைந்திருக்கிறேன்.

பிரம்மு மேலும் கோபம் வருகிறது. கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டினால் போதாதா? எதற்கு வாடகை வீட்டுக்குத் தன் கைக்காசைப் போட்டு வெள்ளையடித்தாள்?

அக்டோபர் 30, புதன்

மழை. என் அறையில் மர அலமாரிக்குப் பின்னால் ஈரம் இறங்கியிருக்கிறது. அலமாரியின் காலுக்குக் கீழே செங்கல் கொடுத்தேன். நகர்த்தவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பிரம்மு வழக்கம்போல் முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். நேற்று விடிய விடியத் தைத்திருக்கிறாள், கண் ரெண்டும் சிவந்திருந்தது. நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை வைத்துவிட்டு, "சூடு ஆறட்டும், ஒடனே மூடிராதிய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றைக் கூடச் சாப்பிடவில்லை.

நவம்பர் 4, திங்கள்

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் ரிஸ்வானா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்காது. மேஜை நிறைய கட்டுக் கட்டாகக் காகிதம், அதற்கு மேலே டிபன் பாக்ஸ். "நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல மேடம். இந்த ஊருக்கே போன வருஷம்தான் வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப் பேர் என் மாணவர்கள் என்று யாரோ எச்சரித்திருக்கிறார்கள்.

ஒரு படத்தைப் பார்த்து வீட்டை இடிப்பீர்களா, உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை.

"நேர்ல போய்ப் பார்த்தேன் மேடம். சுவர் நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுப்பூச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. விரிசலே இல்லன்னு அந்தம்மா சொல்றாங்க, மறைச்சுட்டாங்கன்னு ஓனர் சொல்றார். போன மழையில இதே ஊர்ல ஒரு சுவர் விழுந்து ரெண்டு பேர் போயிட்டாங்க. எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரு இன்னும் சஸ்பென்ஷன்ல இருக்காரு. பூசறதுக்கு முன்னாடி சுவர் எப்படி இருந்ததுன்னு காட்ட உங்க படம் ஒண்ணுதான் இருக்கு. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த விரிசல் அங்க இருந்ததா, இல்லையா?"

என்ன கேள்வி இது! ஓவியத்தைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்கிறார்கள். நான் என்ன கொத்தனாரா? ஓவியம் வேறு, ஆவணம் வேறு என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவள் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இருந்ததா, இல்லையா?" என்று அதையே திரும்பக் கேட்டாள்.

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் அது என் குடை இல்லை என்று தெரிந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

வேலை ஓடவில்லை. செம்பருத்தி ஒன்றைத் தொடங்கிச் சுரண்டிவிட்டேன். தூரிகைகளைக் கழுவினேன். குடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பிரம்மு வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த என் ஜாக்கெட் கையில் இருந்தது. டிசம்பர் ஏழு சென்னையில் என் கண்காட்சி திறப்புக்குப் போட்டுக்கொள்வதற்கு. பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஆபீசுக்குப் போனியளாம்லா."

"போனேன்."

"சொன்னியளா?"

"பேசினேன்."

"பேசினிய. சொன்னியளான்னு கேக்கேன்."

நான் ஜாக்கெட்டின் ஊக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நீங்க படத்த முடிச்ச அன்னைக்கே நா கேட்டேன். இது என்ன கோடு, நம்ம சொவத்துல இப்படி இல்லயேன்னு கேட்டேன். படத்துக்கு அது வேணும் பிரம்முன்னிய. படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஒங்களுக்காகப் பத்தொம்பது நாளு சாமிக்குப் பூப் பறிக்காம இருந்தேன். கொடி வாடிப்போயிரும்னு ரெண்டு நேரம் தண்ணி ஊத்தினேன். இப்ப எங்கள எங்க போகச் சொல்லுதிய?"

அவள் கணவர் சண்முகவேலுக்குச் சர்க்கரையில் கண் போய் ஆறு வருடமாகிறது. அந்த வீட்டுச் சுவரைத் தடவித் தடவித்தான் கழிப்பறைக்குப் போகிறார், கிணற்றடிக்குப் போகிறார், வாசலுக்கு வந்து ஜன்னல் பக்கம் வெயில் காய்கிறார். யாரும் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. வேறு வீட்டுக்குப் போனால் அவரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

"அவிய மானமா இருக்காவன்னா அது அந்த வீட்டுலதான் டீச்சர்" என்றாள். அழவில்லை. அவளும் என்னைப் போல் கோபக்காரிதான். இத்தனை வருடத்தில் நான் கவனிக்கவில்லை.

தையல்கூலியை வாங்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 8, வெள்ளி

இல்லை. அந்தச் சுவரில் விரிசல் இருந்ததில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். பாவ அறிக்கை ஜெபத்தைச் சபையோடு சேர்ந்து கடகடவென்று சொன்னேன். ஐம்பது வருடமாகச் சொல்கிறேன், வாய் தானாக ஓடுகிறது. பாதிரி அய்யர் என்ன பிரசங்கம் செய்தார் என்று தெரியாது.

எழுதிவிடுகிறேன். போன வருடம் ஜனவரி. பூவெல்லாம் முடிந்துவிட்டது. ஜன்னலும் வந்துவிட்டது. இடது பக்கம் இரண்டரை அடிக்குச் சுவர் சும்மா கிடந்தது. நல்ல சுவர். சுண்ணாம்புக் காரை, ஒரு கீறல் கிடையாது. அதனால்தான் படம் நிற்கவில்லை. கொடி ஒரு பக்கம் இழுத்தது, எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. மூன்று நாள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

நாலாம் நாள் காலையில் கண் விழித்தபோது எதிரே விரிசல் இருந்தது. என் படுக்கையறை மேற்குச் சுவரில், உத்தரத்துக்குக் கீழே தொடங்கி, சாய்வாக இறங்கி, நடுவில் ஓரிடத்தில் ஒடிந்து திரும்பி வருகிற விரிசல். அப்போது இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். வெயில் அதில் விழுந்த விதம் அவ்வளவு அழகாக இருந்தது. ட்ரேசிங் பேப்பரை ஒட்டினேன், எடுத்தேன், கேன்வாஸில் இறக்கினேன். படம் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

அதற்கு அடுத்த மழையில்தான் ரிஸ்வானா சொன்ன அந்தச் சுவர் விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். நகராட்சிக்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். நான் அலமாரியைத் தள்ளி அந்தச் சுவரை மறைத்துவிட்டேன். முன்கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். என் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறைத்தவள் நான். மறைத்தாள் என்று பட்டம் வாங்கியவள் பிரம்மு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

சென்னைக் கண்காட்சியை நடத்துகிற கிருபாகரனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இதுல என்ன இருக்கு மேடம்? எல்லா ஆர்ட்டிஸ்டும் இடம் மாத்தத்தான் செய்வாங்க. அது உங்க உரிமை. ஆனா இப்ப போய் ஆபீஸ்ல எழுதிக் குடுக்காதீங்க. கண்காட்சிக்குத் தலைப்பே 'உள்ளது உள்ளபடி'. கேட்லாக் அச்சாகியாச்சு. அட்டையில அந்தப் படம்தான். டிசம்பர் ஏழு தாண்டட்டும். அப்புறம் அந்தம்மாவுக்கு வேணும்னா ஒரு நல்ல வக்கீலா நானே பாத்துத் தரேன்."

விசாரணை பதினெட்டாம் தேதி என்றேன். தள்ளிப்போட மனு கொடுக்கச் சொன்னார். முதல் தனிக் கண்காட்சி, அறுபத்திரண்டு வயதில் கிடைக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொல்கிறார்.

போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததே, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று நாலு நாளாகக் காத்திருந்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

நாள் முழுக்க மழை. தள்ளிப்போடக் கேட்டு மனு எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது. அதையும் கிழித்தேன்.

மேட்டுத்தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பால் வாங்கினேன். முழங்கால் வலிக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

விசாரணை பதினொரு மணிக்கு. ரிஸ்வானா, ஒரு எழுத்தர், சென்னையிலிருந்து வந்த நவநீதன், பிரம்மு, நான். நவநீதன் எழுந்து எனக்கு வணக்கம் வைத்தான். பிரம்மு என்னைப் பார்க்கவில்லை.

ரிஸ்வானா கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அந்த விரிசல் அங்கே இருந்ததில்லை. நான்தான் போட்டேன்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். யாரும் நம்பவில்லை.

நவநீதன் பத்திரிகையை எடுத்து என் பேட்டியை வரி வரியாகப் படித்தான். என் வார்த்தைகள் அவன் வாயில் எவ்வளவு ஜம்பமாகக் கேட்டன! "மேடம் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இப்ப அந்தம்மா மேல பரிதாபப்பட்டுச் சொல்றாங்க. இந்தப் படத்தைப் பாருங்க. இல்லாத விரிசலை யாராவது இப்படி வரைய முடியுமா?"

ரிஸ்வானாவும் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கற்பனையில வரைஞ்ச மாதிரி இல்லையே மேடம். காரை உள்பக்கம் செங்கல் தெரியுது. ஓரத்துல பாசி கூட இருக்கு."

"கற்பனை என்று நான் சொன்னேனா?" என்று கத்தினேன். எழுத்தர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "அது உண்மையான விரிசல்தான். வீடுதான் வேறு. என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஜீப்பை எடுங்க, காட்டுகிறேன்!"

நாலு பேரும் என்னோடு வந்தார்கள். அலமாரியைத் திறந்து சேலை, போர்வை, என் அப்பாவின் கோட்டு எல்லாவற்றையும் கட்டிலில் வாரிப் போட்டேன். ஜீப் டிரைவரும் நவநீதனும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க அவனுக்குத் தூசி.

பரணில் குழாயில் சுருட்டி வைத்திருந்த ட்ரேசிங் பேப்பரை எடுத்துவந்தேன். மூலையில் என் கையெழுத்தில் தேதியும் 'சங்குப்பூ ஜன்னல், இடது' என்று குறிப்பும் இருந்தன. அதைச் சுவரில் வைத்து நாலு ஊசி குத்தினேன். பென்சில் கோடு விரிசலின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. நடுவில் ஒடிந்து திரும்புகிற இடம் உட்பட. கீழ்முனை மட்டும் பென்சில் கோடு முடிந்த பிறகும் ஒரு முழத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு பெய்த மழையில் வளர்ந்தது.

ரிஸ்வானா பத்திரிகைப் பக்கத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பேப்பரை விலக்கிவிட்டு விரிசலுக்குள் விரலை விட்டாள். மூன்றாவது கணு வரை போயிற்று.

"மேடம், இந்த ரூம்லயா தூங்கறீங்க?"

"ஆமாம்."

"வீடு பழசுதானே, அதுவும் இதுவும் ஒரே காலத்துக் கட்டடம்" என்று நவநீதன் இழுத்தான். "பழசுன்னு நோட்டீஸ் குடுக்க முடியாது சார்" என்றாள் ரிஸ்வானா. அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

பிரம்மு அதுவரை கதவருகே நின்று கட்டிலையும் சேலைக் குவியலையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தோரு வீட்ட வரஞ்சிருக்கிய. இடிஞ்சது, சரிஞ்சது, ஓடு போனது. ஒங்க வீட்ட ஏன் டீச்சர் வரையல?"

கட்டிலில் கிடந்த அப்பாவின் கோட்டை எடுத்து மடித்தேன். வெட்கம்தான், வேறென்ன? மற்றவர் வீட்டுக் காரை பெயர்ந்தால் எனக்கு அழகு. என் வீட்டில் பெயர்ந்தால் அலமாரி. இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 19, செவ்வாய்

அலமாரி நடு அறையில் நிற்கிறது. துணி இன்னும் கட்டிலில். முன்கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

கிருபாகரன் போன். உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்ததை யாரோ அவருக்கு அனுப்பிவிட்டார்கள். 'இல்லாத விரிசலை வரைந்த ஓவியர்' என்று தலைப்பு. கண்காட்சியைத் தள்ளிவைக்கிறார்களாம். எப்போதைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "மத்த நாப்பது வீடு எப்படி மேடம்? அதெல்லாம் சரியா இருக்குமா?" என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சரியாக இருக்கும் என்று கத்தினேன். சத்தியமாகச் சரியாக இருக்கும். பிறகு வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். ஏழாவது வீட்டு அரளி எதிர்வீட்டில் இருந்தது. அது மட்டும்தான். அதுவும் பூதான்.

நவம்பர் 25, திங்கள்

இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, மேட்டுத்தெரு பதினாறாம் எண் மீதான நோட்டீஸ் ரத்து. அதன் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மற்றொன்று எனக்கு. படுக்கையறை மேற்குச் சுவரில், உத்தரத்தின் அடியில் தொடங்கி இடமிருந்து வலமாகச் சரியும், நடுவில் ஒருமுறை மடங்கும் ஏழடி விரிசல். கீழ்ப்பகுதியில் விரல் நுழையும் அகலம். மேற்குப் பகுதி முழுவதையும் இறக்க வேண்டும். அந்தப் பத்திரிகைப் பெண் நாலு பக்கம் எழுதியதைவிட ரிஸ்வானாவின் நாலு வரி சரியாக இருக்கிறது. முப்பது நாள் கொடுத்திருக்கிறாள். டாக்டர் பொன்ராணி தன் மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்றாள். போகத்தான் வேண்டும்.

நகலை எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தெருவில் கால் வைக்கிறேன். பிரம்மு ஜன்னலுக்கு உள்ளே மிஷினில் இருந்தாள். அவளுக்கும் உத்தரவு வந்திருந்தது. மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"நீங்க செஞ்சது பெரிய காரியம்தான். இல்லங்கல. ஆனா இனிமே நம்ம வீட்டு முன்னால ஸ்டூல் போடாதிய டீச்சர்."

சரி என்றேன். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

திரும்பும்போதுதான் சண்முகவேலைப் பார்த்தேன். வெயில் காயவில்லை. சுவரோடு சேர்ந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, மேலிருந்து கீழே மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி மேலிருந்து தொடங்கினார். சுவரின் வெள்ளை கையெல்லாம் ஒட்டியிருந்தது. விரல்நுனிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"நோட்டீசு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்" என்றாள் பிரம்மு உள்ளேயிருந்து. "சோறு திங்கக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்காவ."

"அண்ணாச்சி" என்றேன். "நான் எமிலி டீச்சர். இந்தச் சுவரில் விரிசல் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நான்தான் பொய்யாகப் போட்டேன்."

கையை எடுக்காமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சிரித்தார்.

"பிரம்மு சொன்னா டீச்சர். நீங்க எங்களுக்காக ஆபீசுல வந்து அப்படிச் சொன்னியளாம். நல்லா இருப்பிய."

"உங்களுக்காகச் சொல்லவில்லை. உண்மையே அதுதான்."

"நீங்க கண்ணால பாத்து வரஞ்சவிய. ஆறு வருசமா தடவுதேன், என் கைக்கு அது தட்டுப்படாமப் போச்சு பாத்தியளா" என்றார். "கையும் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு? கொஞ்சம் பொறுங்க, இந்தப் பக்கம் இன்னும் பாக்கல."

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அடுத்த சாணுக்கு நகர்ந்தார்.